லங்கர் அன்னதானம் இல்லை

அன்புள்ள ஐயா,
என் அலுவலக நண்பர் சீக்கியர். குருநானக் ஜெயந்திக்குக் குர்த்வாராவுக்கு அழைத்திருக்கிறார். சீக்கியம் இந்து மதமும் இஸ்லாமும் கலந்தது என்கிறார்களே, உண்மையா? முடி, கத்தி எல்லாம் எதற்கு? மற்றபடி அங்கே போடும் சாப்பாடு நம் கோயில் அன்னதானம் போலத்தான் என்று நினைக்கிறேன்.
எம்., கோவை

அன்புள்ள எம்.,

கலவைக் கேள்வியை விடுங்கள். எதைப் பார்த்தாலும் இதில் நம்முடையது எவ்வளவு என்று அளப்பது நம் பழைய வியாதி. 1469-ல் பிறந்த நானக்கில் தொடங்கிப் பத்து குருமார்கள். பத்தாமவரான கோவிந்த் சிங் 1708-ல் நாந்தேட்டில் இறக்கும் முன், இனி மனித குரு கிடையாது, கிரந்தமே குரு என்றார். 1430 பக்கங்கள் கொண்ட அந்த நூலில் நெசவாளர் கபீரும், தோல் வேலை செய்த ரவிதாசரும், சூஃபி ஃபரீதும் இருக்கிறார்கள். முடியும் கிர்பானும் (கத்தி என்று அவரிடம் சொல்லி வைக்காதீர்கள்) 1699 பைசாகியில் ஆனந்த்பூரில் தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சா தொடங்கியபோது வந்த ஐந்து அடையாளங்களில் சேர்ந்தவை. சீப்பு, இரும்பு வளையம், கச்சா என்ற அரைக்கால் உள்ளாடை மற்ற மூன்று. போதும்.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. குர்த்வாராவில் போடும் அந்தச் சாப்பாட்டுக்கு லங்கர் என்று பெயர். 'போலத்தான்' என்று எப்படி எழுத முடிந்தது உங்களால்?

அமிர்தசரஸில் ஒரு குளிர்காலக் காலை. நீளப் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். இதற்குப் பங்கத் என்று பெயர். நம் பந்திதான், சொல்லும் ஒரே வேர். கூடையோடு வந்த பெரியவர் 'பர்ஷாதா ஜி' என்று ரொட்டியை நீட்டினார். நான் கல்யாணப் பந்தியில் அப்பளம் வாங்குவதுபோல வலது கையை மட்டும் நீட்டினேன். அவர் போடவில்லை, அடுத்தவரிடம் போகவும் இல்லை. குனிந்தபடியே நின்றார். பக்கத்தில் தங்க வாட்ச் கட்டியவர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்தியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சாப்பிட்டு எழுந்து பூண்டு உரிக்கப் போனேன். தோலை மிச்சம் வைக்கிறேன் என்று ஓர் அம்மாள் திட்டினார். நகக்கண் இரண்டு நாள் எரிந்தது.

அன்னதானத்தில் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். 'இன்றைய உபயம்' என்று பலகையில் பெயர் வேறு. லங்கரில் இப்போது சாப்பிட்டவன் அடுத்த பந்திக்குப் பாத்திரம் தேய்க்கிறான். பத்து வயதில் எங்கள் ஊர்த் திருவிழாவில் நான் சாம்பார் வாளி தூக்கியிருக்கிறேன். கடைசிப் பந்தி தொழுவத்துப் பக்கம் நடக்கும். "அங்கெல்லாம் குனியாதே, மேலேயிருந்து ஊத்து" என்றார் என் சித்தப்பா. ஊற்றினேன். அதுவும் அன்னதானம்தான் எம்.

பஞ்சாபில் சாதி இல்லை என்று சொல்லவரவில்லை. தலித் சீக்கியருக்குத் தனிக் குர்த்வாரா, தனிச் சுடுகாடு உள்ள ஊர்கள் இன்றும் உண்டு. 1920-ல் பொற்கோயிலிலேயே அவர்கள் கொண்டுவந்த பிரசாதத்தைப் பூசாரிகள் ஏற்க மறுத்தார்கள். சண்டை போட்டுத்தான் கொடுக்க முடிந்தது.

அப்புறம் வைக்கம். பெரியார் சிறை போனது நமக்கெல்லாம் தெரியும். அதே 1924-ல் பஞ்சாபிலிருந்து அகாலிகள் என்ற சீக்கிய இயக்கத்தார் வந்து சத்தியாக்கிரகிகளுக்கு லங்கர் திறந்தார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே காந்தி வேண்டாம் என்றார். உள்ளூர்க்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும், வெளியார் தயவில் சாப்பிட வேண்டாம் என்பது அவர் கட்சி. காந்தி மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இந்த இடத்தில் அவரும் உங்களைப் போல லங்கரைத் தர்மச் சோறு என்றே எண்ணிவிட்டார். தெருவில் நடக்க விடாத ஊரில் எல்லோரையும் ஒரே வரிசையில் தரையில் உட்காரவைப்பதைவிடப் பெரிய சத்தியாக்கிரகம் என்ன இருக்கிறது? இதை எத்தனையோ நண்பர்களிடம் கேட்டு அலுத்துவிட்டேன். யாரும் பதில் சொன்னதில்லை.

சரி, போய் வாருங்கள். தலையை மூட ஒரு கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பை வாங்கி வைப்பவரிடம் காசு நீட்டிவிடாதீர்கள், வருத்தப்படுவார். பூண்டு இருந்தால் தோலை முழுசாக எடுங்கள்.