ஃபேஜ் சிகிச்சை: கேள்விகளும் பதில்களும்

பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்களைப் பிரித்தெடுப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை. அவற்றை ஃபேஜ் என்போம். அவற்றைக் கொண்டு பாக்டீரியாத் தொற்றைக் குணப்படுத்துவதுதான் ஃபேஜ் சிகிச்சை. என்னால் பொறுப்போடு பதில் சொல்ல முடிந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வைரஸை உடம்புக்குள் விட்டால் நமக்கு நோய் வராதா?

ஃபேஜால் நம் செல்களைத் தாக்க முடியாது. பாக்டீரியாவின் மேற்பரப்பில் இருக்கும் குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடித்துக்கொண்டுதான் அது உள்ளே நுழையும். நம் குடலில் இப்போதே கோடிக்கணக்கில் இருக்கின்றன. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. பாக்டீரியாவில் வளர்த்த கரைசலில், உடைந்த பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சும் கலந்திருக்கும். அதைச் சரியாக நீக்காமல் ரத்தத்தில் ஏற்றினால் காய்ச்சல் வரும், ரத்த அழுத்தமும் சரியும்.

எந்த ஃபேஜ் கேட்கும் என்று எப்படித் தெரியும்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும். நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாவை அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் ஜெல் தட்டு) பரப்பி, மேலே வெவ்வேறு ஃபேஜ்களைச் சொட்டு சொட்டாக வைத்து, ஒரு ராத்திரி இன்குபேட்டரில் விடுவோம். காலையில் தட்டு முழுக்க வெளுத்த படலம் இருக்கும். ஃபேஜ் வேலை செய்த இடத்தில் மட்டும் தெளிவான வட்டம் விழுந்திருக்கும்.

வட்டம் கலங்கலாக இருந்தால் அங்கேயே நிறுத்தி யோசிப்பேன். அது பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் டிஎன்ஏவுக்குள் ஒடுங்கிக்கொள்ளும் ரகமாக இருக்கலாம். அந்த ரகம் சிகிச்சைக்கு ஆகாது. காலராக் கிருமிக்கு அதன் நச்சு மரபணுவைக் கொண்டுவந்ததே அப்படிக் குடியேறிய ஒரு ஃபேஜ்தான். அதனால் மரபணு வரிசையையும் முழுதாகப் படித்த பிறகே ஒரு ஃபேஜைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரே இனத்து பாக்டீரியாவாக இருந்தாலும், ஒருவருடையதைக் கொல்லும் ஃபேஜ் அடுத்தவருடையதைத் தொடாமலே போகலாம். தட்டில் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

சளி, ஃப்ளூவுக்கு உதவுமா?

உதவாது. அவை வைரஸ் நோய்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பா?

இல்லை. 1915இல் ட்வோர்ட், 1917இல் டெரெல் என்ற விஞ்ஞானிகள் தனித்தனியே ஃபேஜைக் கண்டறிந்தார்கள். டெரெல் 1919இலேயே பாரிஸில் சீதபேதி கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பெனிசிலின் வந்ததும் மேற்கு நாடுகள் இதைக் கைவிட்டன. ஜார்ஜியா நாட்டின் திபிலிசி நகரில் விடாமல் தொடர்ந்தார்கள்.

ஆன்லைனில் பாட்டிலாக விற்கிறார்கள். வாங்கலாமா?

உங்கள் பாக்டீரியாவின் மேல் அதைச் சோதித்தார்களா? இல்லையென்றால் வேண்டாம்.

மருந்தியல் மாணவர்: ஃபேஜோபர்ன் ஆய்வு தோற்றதே. தனி நோயாளிகளின் கதைகளை வைத்து நம்பிக்கை கொடுப்பது சரியா?

நியாயமான கேள்வி. தீக்காயங்களில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று கண்டவர்களுக்கு 12 ஃபேஜ் கலவையைக் கொடுத்த ஆய்வு அது. வழக்கமான வெள்ளிக் களிம்புதான் வேகமாகக் கிருமியைக் குறைத்தது. ஆனால் மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் ஃபேஜ் போக வேண்டிய இடத்தில், சேமிப்பில் வீரியம் இறங்கி, பத்து முதல் நூறுதான் போனது. அந்த ஆய்வு காட்டியது, குறைந்த அளவு பலிக்காது என்பதை. ஃபேஜே பலிக்காது என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

அதே மாணவர்: சரி, பலிக்கும் என்றும் அது காட்டவில்லையே. அப்புறம், பாக்டீரியா ஃபேஜையும் எதிர்க்கப் பழகிவிடும்.

முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பெரிய, ஒழுங்கான ஆய்வுகள் நடந்தே ஆக வேண்டும். எதிர்ப்பும் வரத்தான் செய்யும். 2016இல் அமெரிக்காவில் டாம் பாட்டர்சன் என்ற நோயாளிக்கு, எந்த மருந்துக்கும் மசியாத அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்றுக்கு ஃபேஜ் கொடுத்தார்கள். நடுவில் கிருமி எதிர்க்கத் தொடங்கியதும் புது ஃபேஜ் தேடிச் சேர்த்தார்கள், கூடவே ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். அவர் பிழைத்தார்.

எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது யேல் பல்கலைக்கழகத்தின் வேலை. சூடோமோனாஸ் ஆன்டிபயாடிக்கை வெளியே தள்ளும் பம்பையே பிடிமானமாகக் கொண்ட ஃபேஜ் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். தப்பிக்க வேண்டுமானால் கிருமி அந்தப் பம்பை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றினால் பழைய ஆன்டிபயாடிக் மறுபடி கேட்கத் தொடங்கும். எதிர்ப்பு வந்தாலும் லாபம் நம் பக்கம்.

இன்னொருவர்: அப்படியானால் ஆன்டிபயாடிக்கே இனி வேண்டாமா?

மேலே எழுதியதைத் தயவுசெய்து படியுங்கள். பாட்டர்சனுக்கும் இரண்டும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

சிறுநீர்த் தொற்றுக்கு எந்த ஃபேஜ் நல்லது?

தட்டில் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

அப்பாவுக்குச் சர்க்கரைப் புண், மாதக்கணக்கில் ஆறவில்லை. ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா?

நிறுத்தாதீர்கள். கால் புண்ணுக்கு ரத்த ஓட்டம், சர்க்கரை அளவு, அழுகிய சதையை நீக்குவது எல்லாமே முக்கியம். அவற்றை மருத்துவர் பார்க்கட்டும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், புண்ணிலிருந்து வளர்த்த கிருமியைத் தூக்கிப் போடாமல் உறைநிலையில் சேமித்து வைக்க முடியுமா என்று மருத்துவர் மூலமாக லேபில் கேளுங்கள். ஃபேஜ் தேட வேண்டிய நிலை வந்தால் முதலில் கேட்கப்போவது அந்தக் கிருமியைத்தான்.