கம்பி வலையும் மொகிங்கா அக்காவும்

அன்புள்ள அண்ணனுக்கு,

அந்தக் காலத்தில் யாங்கோன் (ரங்கூன்) மொகல் தெருவில் வட்டிக்குப் பணம் கொடுத்த செட்டியார் கடைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 'வலைப்பின்னல்' என்ற சொல் அதில் ஏழு இடங்களில் வருகிறது. நான் மின்பொறியியல் படித்தவன். எங்களுக்கு வலைப்பின்னல் என்றால் கம்பி, டிரான்ஸ்பார்மர், சுமை, எல்லாவற்றையும் அளந்துவிடலாம். கடனுக்கும் உறவுக்கும் அதே சொல்லைப் போடுவது வெறும் உவமைதானே?

பெகுவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எண்ணிப் பார்த்தேன், ஏழு இடம்தான். அதில் மூன்று என் சோம்பல். 'தொடர்பு' என்று எழுதியிருந்தாலே போதும். மற்ற நாலை விட்டுத்தர மாட்டேன்.

1847-ல் கிர்க்காஃப் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் மின்சுற்றைப் புள்ளியும் கோடுமாகப் பிரித்துக் கணக்குப் போட்டார். அது உங்கள் பக்கம். 1932-ல் நியூயார்க் மாநிலத்து ஹட்சனில் ஒரு பெண்பிள்ளைகள் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பேர் ஓடிப்போனார்கள். ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர் அந்தப் பிள்ளைகளில் யாருக்கு யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று கேட்டுப் படமாக வரைந்தார். காரணத்தைப் பிள்ளைகளின் குணத்தில் தேடாமல், படத்தில் அவர்கள் நின்ற இடத்தில் தேடினார். இது எங்கள் பக்கம். இரண்டிலும் புள்ளியும் கோடும்தான்.

1998-ல் வாட்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இருவர் மேற்கு அமெரிக்காவின் மின்கட்டமைப்பையும் சினிமா நடிகர்களையும் ஒரே அளவுகோலால் அளந்தார்கள். (கூடவே ஒரு புழுவின் நரம்புகளையும், அது இருக்கட்டும்.) மின்கட்டமைப்பில் ஏறக்குறைய 5,000 புள்ளிகள்; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சராசரியாக 19 தாவல். நடிகர்கள் 2,25,000 பேர். சேர்ந்து நடித்தவர் வழியாகப் போனால் நாலு தாவல்கூட இல்லை. அளவுகோல் ஒன்றாக இருந்ததால்தானே இந்த வித்தியாசமே தெரிந்தது? கம்பி இழுக்கக் காசு வேண்டும், கம்பம் நட வேண்டும். தூரத்து ஆளோடு பழக ஒரு வெற்றிலைப் பொட்டலம் போதும்.

எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். யாங்கோனில் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. தெரு முனையில் ஒரு ஜெனரேட்டர். அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு வாடகை லைன். போன மாதம் டீசல் தீர்ந்துபோனது. அன்று மாலை எல்லோரும் எல்லோரையும் கேட்டோம், ஒருவருக்கும் துப்பு இல்லை. எப்படி இருக்கும்? கோயிலிலும் டீக்கடையிலும் நாங்கள் பார்ப்பது அதே முகங்களை; ஒருவருக்குத் தெரிந்ததுதான் மற்றவருக்கும். மறுநாள் காலை, தலாவிலிருந்து ஆற்றைத் தாண்டி வந்து மொகிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) விற்கும் பர்மாக்கார அக்கா, கிண்ணத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "படித்துறைக்கிட்ட கிடைக்குதே" என்றார். அவருக்கு எங்களில் பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதியது இதைத்தான். பாஸ்டனுக்குப் பக்கத்தில், தெரிந்தவர் சொல்லி வேலை மாறியவர்களை விசாரித்தார். அடிக்கடி பார்க்கும் ஆள் மூலம் சேதி வந்தது ஏறக்குறைய 17 சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்ப்பவர் சொன்னது.

அப்புறம் அந்தக் காலத்துச் செட்டியார்கள். அடத்தி என்ற பெரிய கடை சின்னக் கடைக்குப் பணம் கொடுக்கும். உண்டியல், அதாவது பணம் அனுப்பும் சீட்டு, கடல் தாண்டும். நடப்பு வட்டியை மாதம் ஒரு முறை கோயிலில் கூடித் தீர்மானிப்பார்கள். உள்ளே அவ்வளவு நெருக்கமான பின்னல். ஆனால் கடையிலிருந்து பர்மிய விவசாயிக்குப் போன கோடு ஒன்றே ஒன்று, கடன். 1930-ல் நெல் விலை விழுந்ததும் வட்டிக்குப் பதிலாக அதே கோட்டின் வழியே நிலம் வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். அவர்கள் விரும்பியது பணத்தைத்தான், நிலத்தை அல்ல. வேறு கோடு இல்லாததால் அதற்கப்புறம் ஊரில் மிஞ்சியது பகை. இதை 'தொடர்பு' என்ற சொல்லால் என்னால் எழுத முடியவில்லை, தம்பி.

உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் உண்டு. ஒரு லைன் அறுந்தால் அதன் சுமை யாரையும் கேட்காமல் பக்கத்து லைனில் ஏறும். 2003 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய 5 கோடிப் பேர் இருட்டில் கிடந்தது அப்படித்தான். கடைக்காரர் மனசு வைத்தால் தவணையைத் தள்ளிப் போடலாம். கம்பிக்கு அந்த வழி கிடையாது. அதனால் உங்கள் சூத்திரத்தை அப்படியே தூக்கி எங்கள் படத்தில் வைக்க முடியாது. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் ஒரே மாதிரி வரையலாம்.

மூன்று இடங்களைத் திருத்திவிட்டேன். எங்கள் தெருவின் லைனையும் ஆட்களையும் ஒரே தாளில் வரைந்து வைத்திருக்கிறேன், யாங்கோன் பக்கம் வந்தால் காட்டுகிறேன். பின்பக்கம் டீசல் கணக்கு இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.