ஒரே பொத்தான், மூன்று அழைப்புகள்: பைதனில் பிரித்தறிவது எப்படி?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். படுக்கையில் இருக்கும் அம்மம்மாவுக்காக ராஸ்பெரி பை 4 கணினியில் அழைப்பு மணி ஒன்றைப் பைதனில் எழுதினேன். ஒருமுறை அழுத்தினால் தண்ணீர், இருமுறை என்றால் ஆள் வர வேண்டும், நெடுநேரம் என்றால் அவசரம். ஆனால் இருமுறை அழுத்தினாலும் தண்ணீருக்கான ஒலியே முதலில் எழுகிறது. சில வேளை ஓர் அழுத்தமே மூன்றாக எண்ணப்படுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இவை இரண்டு வேறு பிழைகள். ஓர் அழுத்தம் மூன்றாவதற்குக் காரணம் பொத்தானுக்குள்ளேயே இருக்கிறது. உலோகத் தொடுகைகள் சேரும்போது சில மில்லிசெக்கன்கள் துள்ளிய பின்னரே நிலைபெறும். அந்தத் துள்ளல்களை நிரல் தனித்தனி அழுத்தங்களாக எண்ணிவிடுகிறது. பொத்தான் போன்றவற்றைப் பைதனில் கையாள உதவும் ஜிபிஐஓ ஸீரோ லைப்ரரியின் பட்டன் வகுப்பில், துள்ளலைப் புறக்கணிக்கும் நேரமான பவுன்ஸ் டைம் அளவை 0.03 எனக் கொடுத்தால் இது பெரும்பாலும் அடங்கிவிடும். அங்கே அளவு செக்கனில். இதே வேலைக்கான இன்னொரு லைப்ரரியான ஆர்பிஐ ஜிபிஐஓவிலோ மில்லிசெக்கனில். ஆகவே அதில் எழுதப்பட்ட பழைய நிரலில் இருந்த 30 என்ற எண்ணை அப்படியே எடுத்து எழுதினால், ஓர் அழுத்தத்துக்குப் பின் அரை நிமிடம் பொத்தான் எதற்கும் அசையாது.

மற்றப் பிழை நிரலின் தருக்கத்தில் இருக்கிறது. முதல் அழுத்தம் முடியும் கணத்தில், இரண்டாவது வருமா என்பதை எந்த நிரலாலும் அறிய முடியாது. எனவே அழுத்தியவுடன் ஒலி எழுப்பும் வரியை நீக்கிவிட்டு, விரல் எடுக்கப்படும்போது எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி, த்ரெடிங் தொகுதியின் டைமரைத் தொடங்குங்கள். அது முடிவதற்குள் மீண்டும் அழுத்தப்பட்டால் அந்த டைமரை ரத்துச் செய்யுங்கள். முடிந்த பிறகே எண்ணிக்கையைப் பார்த்து ஒலியைத் தெரிவு செய்து, எண்ணிக்கையைப் பூச்சியமாக்குங்கள். தண்ணீருக்கான ஒலி அவ்வளவு நேரம் தாமதித்தே வரும்; அதைத் தவிர்க்க வழியில்லை.

விண்டோஸ் இரட்டைச் சொடுக்குக்குத் தரும் இயல்பான இடைவெளி 0.5 செக்கன். முதியவரின் விரலுக்கு அது குறைவு என்பதால் டைமரின் அளவை நான் 0.8 செக்கனிலிருந்து தொடங்குவேன். அதைவிட நல்ல வழி, ஓரிரு நாட்கள் அம்மம்மா அழுத்தும் நேரங்களையும் இடைவெளிகளையும் கோப்பில் பதிந்து, அவற்றைப் பார்த்து அளவை நிர்ணயிப்பதே. நேரத்தை அளக்க, கடிகாரம் திருத்தப்பட்டாலும் தாவாத, டைம் தொகுதியின் மொனோடோனிக் என்ற செயற்பாட்டையே பயன்படுத்துங்கள். பை 4 இல் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் இல்லை. மின்வெட்டுக்குப் பின் பழைய நேரத்தோடு எழுந்து, இணையம் கிடைத்ததும் சரியான நேரத்துக்குத் தாவும். சாதாரணக் கடிகாரத்தை நம்பினால், அத்தாவலின்போது நிகழும் சிறு அழுத்தமும் மணிக்கணக்கில் நீண்டதாகத் தெரியும்.

நெடு அழுத்தத்துக்கு, பொத்தான் குறித்த நேரம் அழுத்தியபடியே இருந்தால் இயங்கும் வென் ஹெல்ட் அதே பட்டன் வகுப்பில் இருக்கிறது. அதன் இயல்பான அளவான 1 செக்கனை 2 ஆக்குங்கள். இல்லையேல் அம்மம்மாவின் மெதுவான அழுத்தமும் அவசரமாகிவிடும். அவசர ஒலி விரல் பொத்தானில் இருக்கும்போதே எழ வேண்டும். அதன்பின் விரல் எடுக்கப்படுவதை எண்ணாதிருக்க, அவசர ஒலி எழுந்துவிட்டதா என்பதைக் குறித்துவைக்கும் ஓர் அடையாள மாறியை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அழுத்தங்களை நிரல் புறக்கணிக்கக் கூடாது: பதற்றத்தில் இருப்பவர் பொத்தானை அப்படித்தான் அழுத்துவார் என்பதால், அவற்றையும் அவசரமாகவே கொள்ளுங்கள்.