ராயபுரத்துல சர்ச் ஸ்கூல்ல ஆறாவது படிக்கிற பொண்ணுக்கு மைனாரிட்டி ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

சிஸ்டர், சென்ட்ரல் கவர்மென்ட் சிறுபான்மைப் புள்ளைங்களுக்குக் குடுத்த ப்ரீமெட்ரிக் (பத்தாவது வரைக்குமான) ஸ்காலர்ஷிப்ப 1லிருந்து 8ஆம் கிளாஸ் வரைக்கும் 2022லயே நிறுத்திட்டாங்க, கட்டாயக் கல்விச் சட்டத்துல இலவசமா படிக்கலாமேன்னு காரணம் சொன்னாங்க, ஆனா சிறுபான்மை ஸ்கூலுக்கு அந்தச் சட்டமே செல்லாதுன்னு 2014லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதனால அந்தச் சட்டப்படி தனியார் ஸ்கூல்ல ஏழைப் புள்ளைங்களுக்கு ஒதுக்குற 25% இலவச சீட்டும் அங்க கிடையாது. நடுவுல மாட்டிக்கிறது நம்ம புள்ளைங்கதான், எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு.

அதனால ஸ்கூல்லயே ஃபீஸ் சலுகை கேளுங்க. ஈ-சேவையில வருமானச் சான்றிதழ் வாங்கிக்கிட்டு கரஸ்பாண்டன்ட்ட நேர்ல பாத்து, அப்பாவுக்கு ஹார்பர்ல டெய்லி கூலிதான், மழை நாள்ல அதுவும் இல்லன்னு உள்ளத உள்ளபடி எழுதிக் குடுங்க. கேக்க வெக்கப்படாதீங்க. பங்குத் தந்தையோட சிபாரிசு லெட்டரும் வைங்க. முஸ்லிம் குடும்பம்னா மண்ணடி பக்கம் ஜமாஅத்துல ஜகாத் உதவி கேட்டுப் பாக்கலாம். எய்டட் (அரசு உதவி பெறுற) ஸ்கூல் தமிழ் மீடியம்னா டியூஷன் ஃபீஸே வாங்கக் கூடாது, அத மொதல்ல விசாரிங்க.