தெளிந்த நீரில் மீன்கள் ஏன் இறந்தன? – அக்வாபோனிக்ஸ் கேள்வி பதில்

மீன் தொட்டியின் நீரைச் செடிகளுக்கு ஏற்றி, செடிகள் வடித்துத் தரும் நீரை மீண்டும் மீன்களுக்கே விடும் அக்வாபோனிக்ஸ் முறையைத் தம் வீட்டுத் தோட்டத்தில் தொடங்கிய வாசகர் ஒருவர், மூன்று மாதக் குறிப்புகளுடன் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தவறுகளை மறைக்காமல் எழுதியிருப்பதால் விடை சொல்வது எளிதாகிறது. கேள்விகளைப் பிரித்து எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: 500 லிட்டர் தொட்டி, அதன்மேல் 30 செ.மீ. ஆழச் சரளைப் படுக்கை, ஒரு பம்பு என எல்லாவற்றையும் ஒரே நாளில் அமைத்தேன். மறுநாளே 20 திலேப்பியா மீன்களை விட்டேன். மொத்த எடை ஒரு கிலோ இருக்கும். நாளுக்கு 30 கிராம் தீவனம் போட்டேன். நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தும் ஐந்தாம் நாள் ஆறு மீன்கள் இறந்துவிட்டன. அதன்பின் சோதனைக் கருவி வாங்கிப் பார்த்தபோது அம்மோனியா லிட்டருக்கு 8 மில்லிகிராம், பிஎச் (நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8.2, வெப்பம் 28 டிகிரி எனத் தெரிந்தது. என்ன தவறு செய்தேன்?

பதில்: அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, எனவே நீரின் தெளிவை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. உங்கள் தீவனத்தில் 32 சதவீதம் புரதம் இருப்பதாகக் கொண்டால், 30 கிராம் தீவனத்திலிருந்து மீன்கள் பெரும்பாலும் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியா நைட்ரஜன் ஏறத்தாழ 0.9 கிராம். 500 லிட்டரில் அது நாளொன்றுக்கு லிட்டருக்கு 1.8 மில்லிகிராம் என்று சேர்ந்துகொண்டே போகும். ஐந்து நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் கருவி பொய் சொல்லவில்லை.

இந்த அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், வேறுவகை பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாகவும் மாற்றிய பின்னரே அது செடிக்கு நல்ல உணவாகவும் மீனுக்குப் பெரிய தீங்கற்றதாகவும் ஆகிறது. அழுகலை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பல அரைமணி நேரத்தில் இரட்டிப்பாகிவிடும். நமக்கு வேண்டிய இவையோ இரட்டிப்பாக அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். ஆகவே கல்லின் மேற்பரப்பில் அவை போதிய அளவு குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. மீன், செடி என்ற இரண்டை வளர்ப்பதாக எண்ணித்தான் எல்லோரும் தொடங்குகிறோம். கண்ணுக்குத் தெரியாத இந்த மூன்றாவது உயிரைத்தான் முதலில் வளர்க்க வேண்டும் என்பதை நானும் ஒரு தொட்டி மீனை இழந்த பிறகே ஏற்றுக்கொண்டேன்.

உங்கள் நிலையை மேலும் மோசமாக்கியது பிஎச் அளவு. அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். அவற்றுள் அயனியாகாத வடிவமே மீனைக் கொல்வது. 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 இருந்தால் அது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இராது, பிஎச் 8.2 ஆக இருக்கும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். அதே 8 மில்லிகிராம், பத்து மடங்குக்கும் மேற்பட்ட நஞ்சு.

இப்போது மூன்று நாட்களுக்குத் தீவனத்தை அடியோடு நிறுத்துங்கள். மீன்கள் பட்டினியால் சாகமாட்டா. பாதி நீரை வெளியேற்றி, அதே வெப்பநிலையில் உள்ள குளோரின் இல்லாத நீரை நிரப்புங்கள். குளோரின் கலந்த குழாய் நீராக இருந்தால் காற்றுக் குமிழ் விட்டு ஓரிரு நாள் திறந்து வைத்தால் போதும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்திருந்தால் அவ்வாறு வெளியேறாது, அதற்குரிய முறிமருந்து தேவை. அடுத்த வாரங்களில் நைட்ரைட் உயரும். அது இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவில், அதாவது உங்கள் தொட்டிக்கு 500 கிராம் சாதாரண உப்பைக் கரைத்து விட்டால், அதிலுள்ள குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் உள்ளே நுழைவதைப் பெரிதும் தடுக்கும். ஸ்ட்ராபெரி, அவரை போன்ற உப்புத் தாங்காத செடிகளை மட்டும் அப்போது நடவேண்டாம்.

கேள்வி: பிஎச் அளவைக் குறைக்க வினிகர் ஊற்றினேன். மாலையில் 7க்கு இறங்கியது, மறுநாள் மீண்டும் 8.2 ஆகிவிட்டது. இப்படி ஒன்பது முறை செய்துவிட்டேன்.

பதில்: அந்த வினிகரில் ஒரு தேக்கரண்டியைத் தொட்டியில் ஊற்றாமல் உலர்ந்த சரளைக்கல்லின் மீது ஊற்றியிருந்தால் அன்றே விடை கிடைத்திருக்கும். கல் நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். நீங்கள் ஊற்றும் அமிலத்தைக் கல் கரைந்து சமன் செய்துவிடுகிறது; எஞ்சிய வினிகரைப் பாக்டீரியாக்கள் உண்கையில் நீரிலுள்ள ஆக்சிஜனும் குறைகிறது. நிலையான 8.2ஐ விட, நாள்தோறும் ஏறி இறங்கும் பிஎச் மீனுக்குப் பெரிய துன்பம் என்பதால் இதை உடனே நிறுத்துங்கள்.

கல்லை மாற்றத்தான் வேண்டும். கருங்கல் சரளை அல்லது சுட்ட களிமண் உருண்டைகள் ஏற்றவை. ஆனால் பாக்டீரியாக்கள் குடியிருப்பதும் அந்தக் கல்லில்தான் என்பதால் முதலில் பாதியை மாற்றி, மூன்று நான்கு வாரம் கழித்து மறுபாதியை மாற்றுங்கள்.

அதன்பின் எதிர்த்திசையில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அம்மோனியா நைட்ரேட்டாகும்போது அமிலம் உண்டாவதால், கல்லை மாற்றிய சில மாதங்களில் பிஎச் தானாகவே இறங்கத் தொடங்கும். 6.8 முதல் 7 வரை மூன்று உயிர்களுக்கும் பொதுவான அளவு. 6க்குக் கீழே போனால் பாக்டீரியாக்கள் வேலையைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் இந்த முறையை நெடுங்காலம் ஆராய்ந்த ஜேம்ஸ் ரகோசியின் குழு, கால்சியம் ஹைட்ராக்சைடையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் மாற்றி மாற்றிச் சேர்த்து இதைச் சரிசெய்தது. செடிகளுக்கு அவ்விரு சத்துகளும் அதனாலேயே கிடைத்துவிட்டன. அந்தக் காரப் பொருள்களைக் கையாளத் தயங்கினால், இப்போது எடுத்துப் போடப்போகும் சுண்ணாம்புக் கற்களில் இரண்டு கைப்பிடியை வலைப்பையில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிஎச் தாழும்போது அந்தப் பையை நீரில் தொங்கவிட்டு, ஏறியதும் எடுத்துவிடலாம். உங்களுக்குத் தொல்லை கொடுத்த அதே கல்!

கேள்வி: புதிய இலைகள் மஞ்சளாகின்றன, நரம்புகள் மட்டும் பச்சையாக உள்ளன. நைட்ரஜன் குறைவென்று நினைத்து ஒரு பிடி யூரியா போடலாமா?

பதில்: வேண்டாம். யூரியா நீரில் அம்மோனியாவாகவே மாறும். முதல் கேள்விக்கே மீண்டும் வந்து சேருவீர்கள். நைட்ரஜன் குறைந்தால் முதிர்ந்த இலைகள்தான் முதலில் மஞ்சளாகும். இளம் இலையில் நரம்பு பச்சையாக நிற்பது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். மீன் தீவனத்தில் செடிக்குப் பயன்படும் இரும்பு மிகக் குறைவு, இருப்பதும் பிஎச் உயர்ந்தால் படிந்துவிடுகிறது. இரும்பைப் படியவிடாமல் பிடித்துவைக்கும், கொடுக்கிணைப்பு இரும்பு என்னும் கீலேட் வடிவில் வாங்குங்கள்: ஈடிடிஏ வகை பிஎச் 6.5க்கு மேல் பயன் தராது, டிடிபிஏ வகை சுமார் 7.5 வரை தாங்கும், ஈடிடிஎச்ஏ வகை 8க்கு மேலும் நிற்கும். உங்களுக்கு இப்போதைக்குக் கடைசி வகையே பொருந்தும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு வேண்டுமென்றால் தொட்டிக்கு ஒரு கிராம் இரும்பு. 6 சதவீத இரும்பு உள்ள பொடியில் ஏறத்தாழ 17 கிராம். நீர் சிவப்பாகும், அஞ்ச வேண்டாம்.

கேள்வி: படுக்கையிலுள்ள பெல் சைபன் (நடுக்குழாயின் மேல் மூடி கவிழ்த்த, நீர் நிரம்பியதும் தானே இழுத்து வடிக்கும் அமைப்பு) சில நாள் தொடங்குவதே இல்லை, சில நாள் நிற்பதே இல்லை.

பதில்: இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் உள்ளே வரும் நீரின் வேகம். குறைவாக வந்தால் நீர் நடுக்குழாயின் விளிம்பில் வழிந்துகொண்டே இருக்கும், இழுப்பு உண்டாகாது. அதிகமாக வந்தால் வெளியேறும் அளவுக்கு நீர் வந்துகொண்டே இருப்பதால் அடியில் காற்றுப் புகுந்து இழுப்பை அறுக்க வழியில்லை. பம்புக் குழாயில் ஒரு வால்வைப் பொருத்திச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பாருங்கள். ஒருநாள் சரியாக இருந்து மறுநாள் கெட்டால், வேரோ பாசியோ குழாயை அடைத்திருக்கும்.

கேள்வி: மீண்டும் எப்போது, எத்தனை மீன் விடலாம்?

பதில்: அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூச்சியத்தில் இருக்க, நைட்ரேட் மட்டும் உயர்ந்துவந்தால் விடலாம். ஆயிரம் லிட்டருக்கு 20 கிலோ என்பது சிறிய அமைப்புகளுக்குச் சொல்லப்படும் மேல் எல்லை. உங்கள் தொட்டிக்கு அது 10 கிலோ. முதலாண்டில் 5 கிலோவைத் தாண்ட வேண்டாம். அந்த 5 கிலோவும் வளர்ந்த மீன்களானால் எடையில் ஒரு சதவீதம் என்று நாளுக்கு 50 கிராம் தின்னும். இலைச் செடிகளுக்குச் சதுர மீட்டருக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு தரும் கணக்குப்படி, அது ஒரு சதுர மீட்டர் படுக்கைக்குச் சரியாக இருக்கும். மீன்களை விடுவதற்கு முன் மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கிவிடுங்கள். 30 டிகிரி நீரில் லிட்டருக்கு 7.6 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும், மீனுக்கு 5 வேண்டும். 5 கிலோ மீன் இருக்கும் தொட்டியில் இரவில் மின்சாரம் நின்றால் அந்த இடைவெளி விரைவில் தீர்ந்துபோகும்.