ஸ்பார்ஷில் தேடினால் அப்பீல் கிடைக்காது

கேள்வி: ராணுவத்தில் ஹவில்தாராக இருந்த என் கணவர் 2022-ல் ஓய்வு பெற்றார். ரத்த அழுத்தத்துக்கு மெடிக்கல் போர்டு 30 சதவீத இயலாமை போட்டது, ஆனால் பணியால் வந்ததல்ல என்று எழுதி டிஸபிலிட்டி பென்ஷனை மறுத்துவிட்டார்கள். அப்பீல் அனுப்பி எட்டு மாதம் ஆகிறது, ராணுவ பென்ஷன் இணையதளமான ஸ்பார்ஷில் ஒன்றுமே காட்டவில்லை. அரியரில் 25 சதவீதம் கொடுத்தால் 'மேலே பேசி' நகர்த்துவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி, ஒரு ரூபாய்கூட வேண்டாம். அவரால் நகர்த்த முடிகிற ஃபைல் இல்லை இது. ஸ்பார்ஷ் என்பது பென்ஷனை மஞ்சூர் செய்து பட்டுவாடா செய்கிற ஏற்பாடு. அப்பீலோ, படைவீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக டெல்லி கமிட்டிக்குப் போகிற காகிதம். உயிர்ச் சான்றுக்கு செல்போனிலேயே முகத்தைப் படம்பிடிக்க வழி செய்தவர்களுக்கு, அப்பீல் எந்த மேசையில் கிடக்கிறது என்று காட்ட ஒரு வழி செய்யத் தோன்றவில்லை, என்னத்தைச் சொல்ல.

தெரிந்துகொள்ள ஒழுங்கான வழி தகவல் உரிமைச் சட்டம்தான். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் பெயரில் போடாதீர்கள், மூன்றாம் நபர் தகவல் என்று திருப்பிவிடுவார்கள். கணவர் கையெழுத்துப் போடட்டும், சர்வீஸ் நம்பரும் இருக்கட்டும். மனுவை ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்புங்கள்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மற்றவர்களுக்கு அவரவர் ரெக்கார்ட் ஆபீஸ். 'என் அப்பீல் என்ன ஆயிற்று' என்று கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அப்பீல் எந்தத் தேதியில் கிடைத்தது, எந்தக் கடித எண்ணில், எந்தத் தேதியில் மேலே அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகலையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் பதில் வராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், சென்னையிலேயே கிளை இருக்கிறது. அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து அடுத்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும், உங்களுக்கு அதில் இரண்டு மாதம் போய்விட்டது. ஆனால் ஒன்று: அந்த முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே நிராகரிப்புக் கடிதம் வந்திருந்தால் கணக்கே வேறு, கடிதத்தின் தேதியிலிருந்துதான் ஆறு மாதம். கடிதம் வரவில்லை என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கும், கடிதம் பழைய முகவரிக்குப் போய்க் கிடந்திருக்கும். பழைய வீட்டில் விசாரியுங்கள், ஊர் போஸ்ட்மேனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். கெடு தாண்டியிருந்தாலும் தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

கேஸ் பலவீனமானதல்ல. சேரும்போது பதிவில் இல்லாத நோயைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்றால் போர்டு காரணம் எழுத வேண்டும் என்பது 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிஸபிலிட்டி பென்ஷனுக்கு 2023 செப்டம்பரில் வந்த புது விதிகள், கணவர் 2022-லேயே ஓய்வு பெற்றுவிட்டதால், உங்களைத் தொடாது. ஜெயித்தால் 30-ஐ 50 சதவீதமாக உயர்த்திக் கேட்கலாம், அரியரில் பங்கு கேட்கிறவருக்கு இதுவும் தெரிந்திருக்கும்.

ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேச வக்கீலுக்கே பார் கவுன்சில் விதி இடம் தராது. அப்புறம் இவர் யார்? மனு எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள், காசு வாங்கமாட்டார்கள். டிஸ்சார்ஜ் புக் ஒரிஜினலை யாரிடமும் தராதீர்கள். ஸ்பார்ஷ் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ அந்த ஆளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள், பேங்க் அக்கவுண்ட் எண் மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.