‘உப்பேரி’ என்றால் எந்த உப்பேரி? – கடைக்காரர்களின் ஏ.ஐ. கேள்விகள்

கேள்வி: சிப்ஸ், தேன் வியாபாரம் செய்கிறேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வரும் ஆர்டரை ஏ.ஐ.யிடம் கொடுத்துப் பட்டியலாக எடுக்கிறேன். பத்தில் இரண்டு மூன்று தப்பாகிறது. காசு கட்டிப் பெரிய திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: காசு கட்டுவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். முதலில் உங்கள் சரக்குப் பெயர்களைப் பாருங்கள். ஒரே சரக்கை ஒருவர் ஏத்தங்காய் சிப்ஸ் என்பார், இன்னொருவர் நேந்திரன் என்பார், களியக்காவிளைப் பக்கத்து வாடிக்கையாளர் உப்பேரி என்பார். முன்னால் ‘சர்க்கரை’ சேர்ந்துவிட்டால் அதே உப்பேரி, வெல்லப்பாகில் புரட்டிய வேறு சரக்கு. கடையில் நிற்கும் பையனுக்கு இது தெரியும். ஏ.ஐ.க்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரியாத இடத்தில் அது பெரும்பாலும் நின்று கேட்காது, பொருத்தமாகத் தோன்றுவதை எழுதிவிடும்.

எக்செல்லில் மூன்று பத்தி (column) போடுங்கள்: சரக்கு எண், பில்லில் வரும் பெயர், வாடிக்கையாளர் வாயில் வரும் பெயர்கள் அத்தனையும். ஒவ்வொரு பதிவோடும் இதைச் சேர்த்துக் கொடுத்து, ‘பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் ஊகிக்காதே, கேள்விக்குறி போடு’ என்று எழுதுங்கள். அளவுகளையும் சொல்லிவிடுங்கள்: முக்கால் 0.75, ஒண்ணேகால் 1.25, ஒண்ணரை 1.5. பஸ் இரைச்சலில் ‘ஒண்ணேகால்’ வெறும் ‘ஒண்ணு’ ஆகிவிடும். விலையையும் கூட்டலையும் அதனிடம் விடாதீர்கள். சரக்கு எண்ணும் அளவும் வந்தால் போதும், மீதியை எக்செல் போட்டுக்கொள்ளும்.

பிறகு சோதனை. பழைய பதிவுகள் 50 எடுத்து, சரியான விடையைக் கையால் எழுதி ஒப்பிடுங்கள். பெயர்ப் பிழையையும் அளவுப் பிழையையும் தனித்தனியாக எண்ணுங்கள். சரக்கு மாறினால் வாடிக்கையாளர் உடனே கூப்பிடுவார். அளவு கூடிப் போனால் பெரும்பாலும் கூப்பிட மாட்டார், நஷ்டம் உங்கள் கண்ணுக்கே படாது. ஆகவே பட்டியலைத் திருப்பி அனுப்பி, ‘சரி’ என்று பதில் வந்த பிறகே பொட்டலம் கட்டுங்கள். முதல் இரண்டு வாரம் நோட்டிலும் எழுதுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் பிழை குறையாவிட்டால் மட்டும் பெரிய திட்டத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: 2023, 2024 பூ விற்பனைக் கணக்கைக் கொடுத்து, 2025 ஓணத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று ஏ.ஐ.யிடம் கேட்டேன். அது சொன்ன நாட்கள் ஓணத்தோடு ஒட்டவே இல்லை. ஏன்?
– வாசகர், தோவாளை

பதில்: திருவோணம் 2023இல் ஆகஸ்ட் 29, 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5. கணக்கில் ஆங்கிலத் தேதி மட்டும் இருந்தால், ஓணத்தின் முதல் நாளான அத்தம் தொடங்கி கேந்தியும் (செண்டுமல்லி) வாடாமல்லியும் விற்பனை ஏறுவது அதற்குப் பிடிபடாது. ‘திருவோணத்துக்கு எத்தனை நாள் முன்பு’ என்று ஒரு பத்தி சேருங்கள், முகூர்த்த நாளுக்கு இன்னொன்று. 2026இல் திருவோணம் ஆகஸ்ட் 26, இப்போதே குறித்து வையுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. விற்றதை மட்டும் எழுதினால் போதாது. 40 கிலோ கேந்தி காலை ஏழு மணிக்கே தீர்ந்து, அதன் பிறகு வந்தவர்கள் வெறுங்கையோடு போயிருந்தாலும், நோட்டில் இருப்பது 40தான். அன்றைய தேவையே அவ்வளவுதான் என்று ஏ.ஐ. எடுத்துக்கொள்ளும். எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எத்தனை கிலோ மிஞ்சிக் கொட்டியது, இரண்டையும் எழுதுங்கள். இரண்டு வருஷக் கணக்கில் இருப்பது இரண்டே ஓணம் என்பதால், அது சொல்லும் விலையை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மிக்சர் பாக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம் என்கிறது ஏ.ஐ. சரியா? வாடிக்கையாளர் போன் எண்களையும் அதில் ஏற்றலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் மாறிவிட்டது. ஏ.ஐ. படித்தது அதற்கு முந்தைய தகவலாக இருக்கலாம். வரி விகிதத்தை உங்கள் கணக்காளரிடம் கேட்டுப் போடுங்கள். போன் எண்களை ஏற்றாதீர்கள்: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே வந்துவிட்டது. விற்பனைக் கணக்கைப் பார்க்க எண்ணும் பெயரும் தேவையே இல்லை. அந்தப் பத்திகளை அழித்து, வாடிக்கையாளர் 1, 2 என்று போட்டுக் கொடுங்கள்.